மலைப் பாதைக்கு மண்வெட்டியே போதும்

தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தைத் தொடங்கி, 40 மலையேற்றப் பாதைகளைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டது. இணையவழி முன்பதிவு, கட்டணம், உள்ளூர் இளைஞர்களைக் கொண்ட வழிகாட்டிகள் என்று ஏற்பாடுகள் ஒழுங்காகவே அமைந்தன. 2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலையில் மூண்ட காட்டுத்தீ 20-க்கும் மேற்பட்டோரின் உயிரைக் குடித்த பிறகு, மலையேற்றத்தை முறைப்படுத்தாமல் விட்டிருக்கவும் முடியாது. நடப்பவர்கள்மீது காட்டும் இந்த அக்கறை, அவர்கள் கால்வைக்கும் பாதைமீதும் திரும்ப வேண்டும். ஒவ்வொரு மழைக்கும் பாதை கொஞ்சம் கரைகிறது. அதைக் காக்கும் வேலையை, தோளில் சுமந்து செல்லும் கைக்கருவிகளோடு, அந்தந்த மலையில் வாழும் மக்களிடம் நிலையான ஊதியப் பணியாக ஒப்படைப்பதே சிக்கனமான வழி. காட்டுக்கும் அதுவே நல்லது.

மலைப் பாதையைக் கெடுப்பதில் முதலிடம் தண்ணீருக்கு. கால்பட்டுக் கால்பட்டு மண் இறுகிப் பாதையின் நடுப்பகுதி பள்ளமாகிறது. மழைநீர் அதையே வாய்க்காலாக்கிக்கொள்கிறது. மண் அரித்துக் கல்லும் வேரும் துருத்திக்கொண்டு நிற்க, நடப்பவர் ஓரமாக ஒதுங்குகிறார். அங்கே புல் மிதிபட்டு இன்னொரு தடம் விழுகிறது. இரண்டடிப் பாதை பத்தடிக்கு விரிவது இப்படித்தான். பாதையின் வெளிவிளிம்பு நூற்றுக்கு ஐந்து பங்கு அளவுக்குத் தாழ்ந்திருந்தால், நீர் பாதைவழியே ஓடாமல் குறுக்கே வழிந்து இறங்கிவிடும். பாதையின் ஏற்றம், அது கடக்கும் மலைச்சரிவில் பாதியைத் தாண்டக் கூடாது என்பதும் பாதை அமைப்போர் கைக்கொள்ளும் விதி. இவ்வளவு கணக்குப் பார்த்து வெட்டினாலும், வெளிவிளிம்பில் சருகும் மண்ணும் சேர்ந்து வரப்புக் கட்டிவிட்டால் அத்தனையும் வீண். மழைக்கு முன்பு ஓர் ஆள் மண்வெட்டியோடு நடந்து அந்த வரப்பை உடைத்துவிட்டால் போதும். சில பருவங்கள் தவறவிட்டால், அதே இடத்தில் கல்லடுக்கித் தடுப்புச்சுவர் எழுப்ப வேண்டிவரும்.

இந்த வேலைக்கென்றே பிறந்த கருவிகள், காட்டில் வியர்வை சிந்தியவர்களின் கையில் உருவானவை. 1910-இல் அமெரிக்காவின் ஐடஹோ காடுகளைப் பெருந்தீ சூழ்ந்தபோது, எட் புலாஸ்கி என்ற வனச்சரகர் தம் ஆட்களைச் சுரங்கமொன்றுக்குள் அழைத்துச் சென்று பெரும்பாலோரைக் காப்பாற்றினார். அவர் பெயரால் வழங்கும் கருவியில் ஒருபுறம் கோடாலி, மறுபுறம் மண்கொத்தி. கலிபோர்னியாவில் 1905-இல் உருவான மெக்லியோட் கருவியில் ஒருபுறம் மண்வெட்டித் தகடு, மறுபுறம் சருகு வாரும் பற்கள். மலைமேல் போகும் எடையெல்லாம் ஆளின் தோளில்தான் ஏறும். அதனால் ஒரே காம்பில் இரண்டு வேலை. தீத்தடுப்புக் கோடு வெட்டவும், பாதையைச் செப்பனிடவும் இவையே பயன்படுகின்றன. 14 மாநிலங்களைக் கடந்து சுமார் 3,500 கிலோமீட்டர் நீளும் அப்பலாச்சியன் பாதையை இன்றும் பெருமளவு தன்னார்வலர்களே இத்தகைய கருவிகளோடு பராமரிக்கிறார்கள். நம்மிடமும் கடப்பாரை, குந்தாலி, களைக்கொத்து, வெட்டரிவாள் எதற்கும் பஞ்சமில்லை. அவற்றோடு ஆண்டு முழுவதும் பாதைக்குப் பொறுப்பேற்கும் குழுதான் இல்லை.

பத்து ஆட்கள் பல நாள் செய்வதைப் பொக்லைன் ஒரே நாளில் முடித்துவிடுமே என்று கேட்கலாம். முடிக்கும். ஆனால் அது உள்ளே வரவே ஏழெட்டு அடி அகலம் வேண்டும். அதற்காகச் சரிவை வெட்டினால் மரங்களின் வேர் அறும். கீழே தள்ளிய மண் ஓடையை அடைக்கும். வெயில்பட்ட வெற்று ஓரங்களில் உண்ணிச்செடி புகும். சிறிய இயந்திரங்களும் உண்டு என்றாலும் அவற்றையும் எரிபொருளையும் மேலே ஏற்றுவது தனிப்பாடு. இயந்திரத்தின் சிக்கனம் பாதை போடும் நாளோடு முடிந்துவிடுகிறது. பராமரிப்போ இங்கே ஒரு வடிகால், அங்கே ஒரு கல் என்று சிதறிக் கிடக்கும் வேலை. உண்ணிச்செடியையே எடுத்துக்கொள்ளுங்கள்: மேலோடு வெட்டினால் மறுபடி துளிர்க்கும். மண்ணுக்குச் சற்றுக் கீழே ஆணிவேரை அறுத்துத் தலைகீழாகக் கவிழ்த்துப் போட வேண்டும். அதைச் செடி செடியாகக் கையால்தான் செய்ய முடியும். அதற்காக இயந்திரத்தைத் தீண்டவே கூடாது என்பதில்லை. புயலில் பெருமரம் விழுந்தால் மோட்டார் ரம்பம் வரட்டும்.

இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு. நகரத்தார் உலாவுவதற்காகப் பழங்குடி மக்களை மண் சுமக்க வைப்பதா? அமெரிக்கத் தன்னார்வலருக்கு விடுமுறைப் பொழுதாக இருப்பது, இங்கே வயிற்றுப்பாட்டுக் கூலியாகிவிடாதா? நியாயமான அச்சம். ஆகவேதான் இது பருவத்துக்குப் பருவம் பிடிக்கும் கூலியாள் வேலையாக இருக்கக் கூடாது என்கிறேன். நீர் எங்கே திரும்பும், யானை எந்தத் தடத்தில் இறங்கும் என்றறிவது தேர்ச்சி. அதற்குரிய ஊதியமும், காலணியும், கையுறையும், காப்பீடும் தர வேண்டும். சாலை எட்டாத மலைக்கிராமங்களில் நோயாளியைத் தொட்டில் கட்டித் தூக்கி வருவதும் இப்படிப்பட்ட பாதைகளில்தான். அவற்றையும் இக்குழுக்களின் பொறுப்பில் சேர்த்தால், உழைப்பின் பயன் உழைப்பவர் வீட்டுக்கும் போகும்.

காட்டைக் காடாக விட்டுவிடுங்கள், பாதையே வேண்டாம் என்போரும் உண்டு. சில இடங்களுக்கு அது சரியே. தாங்காத தடங்களை மூடத்தான் வேண்டும். ஆனால் திறந்துவைத்துக் கட்டணமும் வாங்கும் பாதையைக் கவனிக்காமல் விட்டால், காட்டுக்குள் கால்தடம் குறையாது, விரியும். எனவே மலையேற்றக் கட்டணத்தில் ஒரு பங்கைப் பராமரிப்புக்கென்று தனியே ஒதுக்க வேண்டும். ஒவ்வொரு பாதைக்கும் உள்ளூர்க் குழுவும் கருவிக் கொட்டடியும் இருக்க வேண்டும். தென்மேற்குப் பருவமழைக்கு முன்பு மே மாதத்திலும், வடகிழக்குப் பருவமழைக்கு முன்பு செப்டம்பரிலும் வடிகால்களைச் சீர்செய்ய வேண்டும். அந்த இரண்டு சுற்றும் நடக்காத பாதைக்கு அடுத்த பருவத்தில் முன்பதிவு கொடுக்கக் கூடாது.