‘எழுந்து போடா’ என்று சொல்லாதே, தோழா!

தோழர்களே! பத்து பாகாட் தோழர்களே! பாரிட் ராஜா, யோங் பெங், செங்காராங், ரெங்கிட் தோழர்களே!

"இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு ஒழுக்கம் இல்லை." இந்தப் பேச்சை இன்றோடு நிறுத்துவோம். மாமாக் கடையில் நிறுத்துவோம். பள்ளிவாசல் கூட்டத்தில் நிறுத்துவோம். நம் வீட்டிலும் நிறுத்துவோம்.

அது பொய், தோழர்களே. ஜொகூரில் முஸ்லிம் பிள்ளைக்குச் சமயப் பள்ளி கட்டாயம். ஒரு வேளை தேசியப் பள்ளி, மறுவேளை சமயப் பள்ளி. அக்லாக் பாடம் படித்து, பரீட்சை எழுதித் தேறியவர்கள் இந்தப் பிள்ளைகள். பொய் சொல்லாதே, திருடாதே, பெற்றோரை மதி. கேட்டுப் பாருங்கள், உங்களைவிடச் சுத்தமாக ஒப்பிப்பார்கள்.

அவர்களுக்குத் தெரியாதது வேறு. அத்தா சிங்கப்பூரில் வேலை செய்கிறார், வாரம் ஒருமுறை வந்தால் பெரிது. உம்மாவுக்குத் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட். வீட்டில் கடன், சண்டை. வகுப்பில் கேலி. இத்தனையையும் நெஞ்சில் போட்டுக்கொண்டு ஒரு பதினைந்து வயதுப் பையன் இரவு பதினோரு மணிக்கு என்ன செய்வான்? எந்தப் பரீட்சையும் இதைக் கேட்கவில்லை. நாமும் சொல்லித் தரவில்லை.

நாம் செய்வது என்ன? பள்ளிவாசல் படிக்கட்டில் அவன் உட்கார்ந்திருக்கிறான். கையில் ஹைலைட்டர் பேனா மாதிரி ஒன்று. இழுத்து விடுகிறான், மாம்பழ வாசனை வருகிறது. (ஜொகூர் 2016லேயே வேப் விற்பனையைத் தடை செய்துவிட்டது. தடையும் இருக்கிறது, மாம்பழ வாசனையும் இருக்கிறது.) நம்மில் ஒருவர் போகிறார். "அல்லாஹ்வின் வீடுடா இது, எழுந்து போடா." அவன் எழுந்து போகிறான். வாய் திறக்கவில்லை. செருப்பைத் தேடி, மாட்டிக்கொண்டு, இருட்டில் போகிறான். நாம் உள்ளே வந்து அமைதியாக உட்காருகிறோம்.

எங்கே போனான்? கேட்டோமா? கேளுங்கள், தோழர்களே! கேளுங்கள்!

2017 பிப்ரவரி 18 அதிகாலையை மறந்துவிட்டோமா? ஜொகூர் பாருவில், பிரேக் கழற்றிய சைக்கிள்களில் சாலைக்கு வந்த பையன்களில் எட்டுப் பேர் கார் மோதி மாண்டார்கள். பதின்மூன்று முதல் பதினாறு வயது. நாடே ஒரே கேள்வி கேட்டது: அந்த நேரத்தில் பெற்றோர் எங்கே? வழக்கு 2023 வரை நடந்தது. பெற்றோரைக் கேட்டோம், ஓட்டுநரைக் கேட்டோம். அந்த நேரத்தில் அந்தப் பையன்களுக்குத் திறந்திருந்த இடம் எது என்று கேட்டவர்கள் எத்தனை பேர்?

சுகாதார அமைச்சின் 2022 ஆய்வைப் பாருங்கள். மலேசியாவில் பள்ளி செல்லும் பதின்ம வயதினரில் நால்வரில் ஒருவருக்கு மனச்சோர்வு. எட்டுப் பேரில் ஒருவருக்குத் தற்கொலை எண்ணம். பத்தில் ஒருவர் முயன்றே பார்த்திருக்கிறார். நம் குர்ஆன் வகுப்பில் உட்காரும் பிள்ளைகளை எண்ணுங்கள். எண்ணிவிட்டுச் சொல்லுங்கள், நம் பிள்ளை அதில் இல்லை என்று!

பெண் பிள்ளைகளை மறக்காதீர்கள். அவர்கள் படிக்கட்டில் வந்து உட்கார மாட்டார்கள். கதவைச் சாத்திக்கொண்டு போனோடு கிடப்பார்கள். சத்தமில்லாததால் "நல்ல பிள்ளை" என்கிறோம். அந்தப் பாராட்டு ஆபத்து.

அழும் பிள்ளையிடம் "சபுர் செய்" என்கிறோம். யார் சபுர் செய்தார்? யஅகூப் நபி செய்தார். மகனை இழந்து, கண் வெளுத்துப் போகும்வரை அழுதுகொண்டே செய்தார். அழாதே என்று பிள்ளைகளிடம் சொல்ல நமக்கு யார் உரிமை தந்தது?

ஓர் இளைஞன் நபிகளாரின் சபைக்கு வந்து விபசாரத்துக்கு அனுமதி கேட்டான். சபையில்! எல்லார் முன்னாலும்! சுற்றியிருந்தவர்கள் அதட்டினார்கள். நபிகளார் அருகே அழைத்தார். உட்கார வைத்தார். உன் தாய்க்கு இதை விரும்புவாயா, உன் மகளுக்கு விரும்புவாயா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அவன் பதில் சொல்லும்வரை காத்தார். பிறகு அவன் மேல் கை வைத்து துஆ செய்தார். முஸ்னத் அஹ்மதில் இருக்கிறது. நாம் இந்தச் சபையில் யார், தோழர்களே? அதட்டியவர்கள்தானே?

துன்பத்தில் மனிதர் இறைவனை நினைக்கும் இரண்டு விதங்களை, கென்னத் பார்கமென்ட் என்ற உளவியலாளர் ஆய்ந்து பிரித்துக் காட்டினார். இறைவன் என்னோடு இருக்கிறான் என்று நம்பித் துன்பத்தைத் தாங்குவது ஒன்று. இறைவன் என்னைத் தண்டிக்கிறான், கைவிட்டுவிட்டான் என்று உடைவது இன்னொன்று. இரண்டாவது, மனச்சோர்வோடு சேர்ந்தே வருகிறது. படிக்கட்டில் கத்தும்போது எதைச் சொல்லிக் கொடுக்கிறோம்?

நாம் கைவிட்டால் அடுத்தது என்ன தெரியுமா? 2001 சிறார் சட்டம் இருக்கிறது. பிள்ளை கட்டுக்கடங்கவில்லை என்று பெற்றோரே நீதிமன்றத்தில் எழுதிக் கொடுக்கலாம். பிறகு துனாஸ் பக்தி என்ற சீர்திருத்தப் பள்ளி. மூன்று ஆண்டு வரை. அந்தக் கடிதத்தை எழுதும் தாய், அதற்கு முன் எத்தனை பேரிடம் உதவி கேட்டிருப்பாள்? நம்மிடம் கேட்டிருப்பாள். நாம் "துஆ செய்யுங்கள்" என்று சொல்லி அனுப்பியிருப்போம்.

மூடி மறைக்கவும் இனிச் சாக்கு இல்லை. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய தண்டனைச் சட்டத்தின் 309ஆவது பிரிவு 2023ல் நீக்கப்பட்டது. போலீஸ் வரும் என்று பயப்பட வேண்டாம். பேசலாம். பேசுங்கள்!

நம்மால் முடியாதா? 2023 மார்ச் வெள்ளத்தை நினையுங்கள். பத்து பாகாட் வாரக்கணக்கில் தண்ணீரில் கிடந்தது. யாரும் யாரையும் அழைக்கவில்லை. பள்ளிக்கூட மண்டபங்களில் பாய் விரித்தோம். அரிசி சுமந்தோம். இனம் பார்க்கவில்லை, ஜமாஅத் பார்க்கவில்லை. தண்ணீர் கண்ணுக்குத் தெரிந்தது, ஓடினோம். பிள்ளைகளின் துயரம் தெரியவில்லை என்று உட்கார்ந்திருக்கிறோம். தெரிகிறது, தோழர்களே. படிக்கட்டில் தெரிகிறது.

குத்பாவின் வாசகம் சமய இலாகாவிலிருந்து வருகிறது. அதில் நமக்குக் கை இல்லை. இஷாவுக்குப் பிறகான நேரம் நம் கையில் இருக்கிறது. வெள்ளியும் சனியும் நள்ளிரவு வரை பள்ளிவாசல் மண்டபத்தைத் திறந்து வைப்போம். பெண் பிள்ளைகளுக்குத் தனி அறை, அவர்களோடு நம் தோழியர். ஒரு சட்டி மீ கோரெங், தே ஓ, கேரம் பலகை. பயான் கூடாது. முதல் மாதம் ஒரு பயான்கூடக் கூடாது! அறிவுரை சொல்ல நாக்கு அரித்தால் பாத்திரம் கழுவப் போங்கள்.

ஒரு பிள்ளை வாய் திறந்தால் கேளுங்கள். குறுக்கே பேசாதீர்கள். ஊரில் பரப்பாதீர்கள். சாக வேண்டும் என்று சொன்னால் தனியே விடாதீர்கள். ஆபத்து கண்முன் நின்றால் 999. இல்லையென்றால் 15555, சுகாதார அமைச்சின் ஹீல் (HEAL) உதவி எண். அவன் பக்கத்தில் உட்கார்ந்தே அழையுங்கள்.

நிர்வாகம் தயங்கும். மின் கட்டணம் என்பார்கள், பாதுகாப்பு என்பார்கள், கம்பளம் அழுக்காகும் என்பார்கள். கட்டணத்தை நாம் கட்டுவோம். காவலுக்கு நாம் நிற்போம். கம்பளத்தை நாம் துவைப்போம்.

நாளை சுபுஹு முடிந்ததும் செயலாளரிடம் போங்கள். தனியாகப் போகாதீர்கள், ஐந்து பேராகப் போங்கள். அவர் மறுத்தால் மக்ரிபுக்குப் பத்துப் பேராகப் போங்கள்.