வாசலில் அமர்ந்த பாடகி

செய்திக்கு இன்னும் மூன்று நிமிடம் இருக்கிறதா? ஒரு பாட்டைப் போடு. விருந்தினர் நெரிசலில் மாட்டிக்கொண்டாரா? இன்னொரு பாட்டைப் போடு. வானொலிக்கு வந்த புதிதில் எனக்குப் பாட்டு என்றால் அவ்வளவுதான். இடைவெளியை அடைக்கும் பஞ்சு. அந்த எண்ணத்தை மாற்றியவர் நைஜீரியப் பாடகி ஒன்யேகா ஒன்வேனு.

1952இல் பிறந்தவர். சின்ன வயதிலேயே அப்பாவை விபத்தில் பறிகொடுத்தார். அமெரிக்காவின் வெல்லெஸ்லி கல்லூரியில் பட்டம் பெற்று, நியூயார்க்கில் ஊடகத் துறையில் முதுகலையும் முடித்தார். (நானும் ஊடகம் படித்தவன் என்பதால், இதைப் படித்தபோது கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தேன்!) 1980இல் தாயகம் திரும்பி, அரசுத் தொலைக்காட்சியான என்டிஏவில் பணியாற்றினார்.

அழகாகச் சிரித்து நிகழ்ச்சி படைத்ததோடு அவர் நிற்கவில்லை. எண்ணெய் வளம் கொழிக்கும் நாட்டில் அந்தப் பணமெல்லாம் எங்கே போனது? 1984இல் பிபிசியும் என்டிஏவும் இணைந்து வழங்கிய ஆவணப்படத்தை எழுதி, கேமரா முன் நின்று ஊழலைப் பற்றிப் பேசினார்.

இன்னொரு பக்கம் பாட்டு. 1986இல் வந்த 'ஒன் லவ்' நாட்டையே முணுமுணுக்க வைத்தது. 1989இல் கிங் சன்னி அடேயுடன் சேர்ந்து அவர் பாடிய 'வெயிட் ஃபார் மீ', குடும்பக் கட்டுப்பாட்டை இளையர்களுக்குக் காதல் பாட்டாகவே சொன்னது.

பிறகு வந்தது 2000ஆம் ஆண்டு. ஆப்பிரிக்கக் கிண்ணக் காற்பந்துப் போட்டிக்கான விளம்பரத்தில் தம் பாட்டை அனுமதி கேட்காமல் பயன்படுத்தி, ராயல்டியும் தரவில்லை என்று என்டிஏமீது வெளிப்படையாகக் குற்றம் சாட்டினார். பதிலுக்கு அவருக்கு அங்கே தடை. ஒன்யேகா என்ன செய்தார் தெரியுமா? ஒரு காலத்தில் தாம் வேலை செய்த அதே நிலையத்தின் வாசலில் உண்ணாவிரதம் இருந்தார். சக கலைஞர்களும் துணைக்கு வந்தார்கள். சில நாள்களில் உடன்பாடு ஏற்பட்டது.

அப்போது அவருக்கு 48 வயது. பேரும் புகழும் இருந்தன. பேசாமல் இருந்திருந்தால் மேடை, திரை எல்லாம் தொடர்ந்து கிடைத்திருக்கும். ஆனால், 'உங்கள் பாட்டைப் போட்டதே உங்களுக்கு விளம்பரம்தானே' என்ற வாதம் அவரிடம் செல்லவில்லை. உழைப்புக்குக் கூலி கேட்பது பேராசையா என்ன?

2013இல் 'ஹாஃப் ஆஃப் எ யெல்லோ சன்' திரைப்படத்தில் நாயகனின் தாயாக நடித்தார். 2024 ஜூலை 30ஆம் தேதி, லாகோஸில் ஒரு பிறந்தநாள் விருந்தில் பாடி முடித்த சிறிது நேரத்தில் மயங்கி விழுந்து காலமானார். கடைசி நாள் வரை வேலை பார்த்த குரல்.

இப்போதும் இடைவெளி விழுந்தால் பாட்டுத்தான் போடுகிறேன். ஆனால், பாடியவர், எழுதியவர், இசையமைத்தவர் பெயர்களைச் சொல்லாமல் போடுவதில்லை. அதற்குப் பத்து விநாடிதான் ஆகிறது.

அடுத்த முறை உங்கள் வீட்டு விருந்துக்கு ஒரு பாடகரை அழைக்கும்போது, 'சும்மா வந்து ரெண்டு பாட்டுப் பாடுங்களேன்' என்று வாய் வருகிறதா? வாசலில் அமர்ந்த அந்தப் பெண்மணியை ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளுங்கள்.