காயம் தொழிலாளிக்கு, மருத்துவர் யாருடைய தேர்வு?

திருவள்ளூர் மாவட்டம் ஆர்.கே.பேட்டை, அம்மையார்குப்பம், பொதட்டூர்பேட்டை வட்டாரத்தில் விசைத்தறியை நம்பி வாழும் குடும்பங்கள் ஏராளம். தறியில் கை சிக்கிய ஒருவரைத் திருத்தணிக்குக் கொண்டு செல்வதா, சோளிங்கருக்கா, எல்லை தாண்டித் திருப்பதிக்கா? வண்டியும் முன்பணமும் யாருடையவையோ, அவரே அதைத் தீர்மானிப்பார். உயிர் காக்க வேண்டிய அந்நேரத்தில் இதில் குறை காண ஏதுமில்லை. சிக்கல் பின்னர், ஊனச் சான்றிதழ் எழுதப்படும்போது தொடங்குகிறது.

1923-ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டம் தொழிலாளியின் மருத்துவத் தேர்வைப் பறிக்கவில்லை. ஆனால், விபத்து குறித்து அறிவிப்புக் கிடைத்த மூன்று நாள்களுக்குள் தன் செலவில் மருத்துவப் பரிசோதனைக்கு அழைக்கும் உரிமையை முதலாளிக்கு அது அளித்தது. தொழிலாளி மறுத்தால் இழப்பீடு பெறும் உரிமை நிறுத்திவைக்கப்படும். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள சமூகப் பாதுகாப்புத் தொகுப்பிலும் இந்த ஏற்பாடு தொடர்கிறது. சிகிச்சைக்கு ஆன உண்மைச் செலவை முதலாளி திருப்பித் தர வேண்டும் என்பதும் 2009-ஆம் ஆண்டுத் திருத்தம் முதல் சட்டத்தில் உண்டு. திருப்பித் தருவது என்றால், முதலில் தொழிலாளி செலவழித்திருக்க வேண்டும். வாரக் கூலிக்காரர் வட்டிக்கு வாங்கித்தான் இந்தத் 'தேர்வு உரிமை'யைப் பயன்படுத்த முடியும்.

விரல் துண்டானால் ஊன விழுக்காட்டைச் சட்டத்தின் அட்டவணையே சொல்லிவிடும்: கட்டை விரலுக்கு 30, ஒரு கையின் நான்கு விரல்களுக்கு 50. எலும்பு நொறுங்கியோ நரம்பு பாதித்தோ கை ஓரளவே பயன்படும் நிலைக்கு அட்டவணையில் எண் இல்லை; அங்கே மருத்துவரின் மதிப்பீடே அடிப்படை. 40 வயதுத் தொழிலாளி, மாதக் கூலி ரூ.12,000 என்று வைத்துக்கொள்வோம். சம்பாதிக்கும் திறன் 10 விழுக்காடு குறைந்ததாக எழுதினால் இழப்பீடு ஏறத்தாழ ரூ.1.33 லட்சம், 30 என்றால் ரூ.3.98 லட்சம். அறுந்த இழையை முடிய விரல்கள் எப்படி இயங்க வேண்டும் என்பதை, தறியையே பார்த்திராத மருத்துவர் எப்படி மதிப்பிடுவார்? அவருக்குக் கட்டணம் தருபவர் முதலாளி என்றால் ஐயம் இரட்டிக்கிறது.

பிரதாப் நாராயண் சிங் தேவ் வழக்கில் 1975-இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு இங்கே நினைவுகூரத்தக்கது. இடக்கையை முழங்கைக்கு மேலே இழந்த தச்சருக்கு ஏற்பட்டது பகுதி ஊனமே என்பது முதலாளி தரப்பு வாதம். ஒரு கையால் தச்சு வேலை செய்ய இயலாது. எனவே இழப்பு முழுமையானது என்றது நீதிமன்றம். அளக்க வேண்டியது கையை மட்டுமல்ல, அந்தக் கை செய்துவந்த தொழிலையும்தான்.

பத்து பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் இடமாக இருந்து, தொழிலாளர் அரசுக் காப்பீட்டுத் திட்டத்தில் பதிவும் இருந்தால் நிலைமை வேறு. சிகிச்சை இலவசம்; ஊனத்தை மருத்துவ வாரியம் மதிப்பிடும்; மேல்முறையீடும் உண்டு. ஆனால், அத்திட்டத்தின் மருத்துவமனைகளிலேயே சிகிச்சை பெற வேண்டும். நான்கைந்து தறிகள் ஓடும் கூடங்களுக்கோ அந்தத் திட்டமே எட்டாது. அவற்றில் கூலி நெசவு செய்பவர் 'தொழிலாளி'தானா என்பதையே வழக்காடி நிறுவ வேண்டியிருக்கும்.

அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் முதலாளி குறைந்தது ஆறு மருத்துவச் சேவையாளர்களின் பட்டியலை வைக்கிறார். முதல் 90 நாள்கள் தொழிலாளி அதிலிருந்து தேர்ந்தெடுக்க வேண்டும், பிறகு அவர் விருப்பம். அந்த ஏற்பாட்டை அப்படியே இங்கே பெயர்த்து நட முடியாது. ஆறு எலும்பு மருத்துவர்களுக்கு ஆர்.கே.பேட்டை எங்கே போகும்? நமக்குத் தேவை எளியது. தொழிலாளி தேர்ந்தெடுக்கும் மருத்துவமனைக்கு முதலாளி நேரடியாகப் பணம் கட்ட வேண்டும். முதலாளி தரப்புப் பரிசோதனை அறிக்கையின் நகல் தொழிலாளியின் கைக்கு வர வேண்டும். இரு மதிப்பீடுகளும் முரண்பட்டால் அரசு மருத்துவர் குழு, அவர் செய்த வேலையின் தன்மையையும் கேட்டறிந்து விழுக்காட்டை முடிவு செய்ய வேண்டும். புதிய தொகுப்பின் கீழான மாநில விதிகளில் இவற்றைச் சேர்ப்பது குறித்துத் தமிழக அரசு பரிசீலிக்கலாம்.