உண்ண மறுத்த பாம்பு

வீட்டிலே ஓர் உயிர் உண்ண மறுத்துவிட்டால் அவ்வீட்டின் அமைதியே குலைந்துவிடுகிறது. குழந்தை பாலை ஒதுக்கினாலும், முதியவர் கஞ்சியை வேண்டாமென்றாலும், தொழுவத்துப் பசு வைக்கோலை முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாலும் வீட்டாருக்கு அன்று சோறு இறங்குவதில்லை. இஃது எல்லாரும் அறிந்ததே. ஆனால், ஒரு பாம்பு உண்ணவில்லையென்று ஒரு குடும்பமே கலங்கி நின்றதைச் சென்ற பனிக்காலத்திலேதான் நான் அறிந்தேன்.

என் தங்கை தன் குடும்பத்தாருடன் இங்கிலாந்திலே வாழ்கிறாள். அவளுடைய மகனுக்கு வயது 14. நாய் வளர்க்க அவர்கள் வீட்டில் இடம் இல்லை. பூனையின் உரோமம் தந்தையின் உடம்புக்கு ஒத்துக்கொள்வதில்லை. ஆகவே, பல மாதங்கள் வாதாடி, ஈற்றில் ஒரு மலைப்பாம்பை வாங்கிக்கொண்டான் மருமகன்.

மலைப்பாம்பு என்றதும் வாசகர்கள் திடுக்கிட வேண்டாம். எங்கள் நாட்டுக் காடுகளிலே மான்குட்டியையும் விழுங்கவல்ல வெங்கிணாந்திக்கு இது உறவுமுறையேயாயினும், உருவத்திலே மிகச் சிறியது. முழு வளர்ச்சி பெற்றதும் 3 அடி முதல் 5 அடி நீளமே இருக்கும். நஞ்சு கிடையாது. கபில நிறத்திலும் கறுப்பு நிறத்திலும் அழகிய திட்டுக்கள் கொண்டது. ஆங்கிலேயர் இதனை ‘றோயல் பைதன்’, அதாவது அரச மலைப்பாம்பு, என்பர். அமெரிக்கரோ ‘போல் பைதன்’ என்பர். அச்சம் ஏற்பட்டால் சீறாமலும் கடிக்காமலும் தலையை நடுவில் மறைத்து, உடலைப் பந்துபோலச் சுருட்டிக்கொள்வதால் வந்த பெயர் அது. பயந்த சுபாவமுள்ள இப்பிராணியை மேனாட்டார் இலட்சக்கணக்கில் வீடுகளில் வளர்த்து வருகின்றனர்.

மருமகனின் பாம்பு மூன்று வயதுள்ள ஆண். செப்தெம்பர் மாத இறுதியில் ஓர் எலியை உண்டது. அதன்பின் வாயைத் திறக்கவில்லை. வளர்ந்த பாம்புக்கு இரண்டு மூன்று வாரங்களுக்கு ஒரு முறை உணவு போதும். எனவே முதல் மாதம் அவன் கவலைப்படவில்லை. ஒக்தோபர் கழிந்து நவெம்பரும் கழிந்தது. திசெம்பர் நடுப்பகுதியில் பதினொரு வாரம் ஆகிவிட்டது. பையன் செய்யாத உபாயம் இல்லை. நாள்தோறும் பாம்பை வெளியில் எடுத்துத் தடவிக் கொடுத்தான். காலையிலும் மாலையிலும் எலியை அதன் முகத்துக்கு நேரே பிடித்தான். வெள்ளெலி வேண்டாமாக்குமென்று வேறு நிறத்து எலியை வாங்கி வந்தான். ஒவ்வொரு முறையும் அது பந்தாகச் சுருண்டது. கடைக்காரர் ஒருவர், “வாயைத் திறந்து உள்ளே தள்ளிவிடு” என்று புத்தி சொன்னாராம்.

அந்நிலையிலேதான் தங்கை தொலைபேசியில் அழைத்தாள். “அண்ணை, பாம்பும் தின்னுதில்லை, பெடியனும் தின்னுதில்லை. நான் ஆரைப் பார்க்கிறது?” என்றாள். அவள் குரல் தழுதழுத்தது. பாம்பு செத்துவிடுமென்று பையன் இரவில் அழுகிறான். பாடசாலையிலும் மனம் செல்லவில்லை. இன்றிரவு வாயைத் திறந்து ஊட்டப் போகிறானாம். நான்தான் ஒரு வழி சொல்ல வேண்டுமாம்.

நான் இருபது ஆண்டுகளாக விலங்கியல் கற்பிப்பவன். ஆயினும், தவளையையும் கரப்பானையும் மாணவருக்கு அறுத்துக் காட்டியதன்றி, எந்தப் பிராணிக்கும் ஊட்டி வளர்த்த அனுபவம் எனக்கு இல்லை. “தம்பி, இரண்டு நாள் பொறு. அதுவரை பாம்பின் வாயைத் தொடாதே. மிருக வைத்தியரிடம் ஒரு முறை காட்டு. நான் படித்துவிட்டுச் சொல்கிறேன்” என்று கூறிவிட்டு நூல்களைப் புரட்டத் தொடங்கினேன். நான் கற்றதை வாசகரோடு பகிர்ந்துகொள்வதே இவ்வார நோக்கம்.

இப்பாம்பின் தாயகம் ஆபிரிக்கா. மேற்கே செனகல் முதல் கிழக்கே உகண்டா வரையுள்ள புல்வெளிகளிலும் விளைநிலங்களை அடுத்த பற்றைகளிலும் வாழ்வது. பகற்பொழுதில் எலி வளைகளிலும் கறையான் புற்றுக்களிலும் புகுந்து கிடக்கும். கறையான் புற்றெடுக்கப் பாம்பு குடிகொண்டது என்னும் எங்கள் பழமொழி அங்கேயும் பொருந்தும். அந்தப் புற்று எத்தகையது? இருண்டது, இடுக்கமானது, வெதுவெதுப்பானது, ஈரப்பதன் உள்ளது. உடலின் எல்லாப் பக்கமும் மண் தொட்டுக்கொண்டிருந்தாலன்றி இப்பாம்புக்கு நிம்மதி இல்லை. இருள் பரவியபின் வெளியே வந்து, அசையாமற் காத்துக் கிடந்து, அருகே வரும் இரையைப் பற்றும். அதன் உதட்டோரத்திலுள்ள நுண்ணிய குழிகள் வெப்பத்தை உணர்பவை. இருட்டிலே எலியின் உடற்சூட்டைக் கொண்டே அஃது இலக்கை அறிகிறது.

உணவு விடயத்திலும் அதற்குத் தனிப் பழக்கங்கள் உண்டு. நைஜீரியாவின் தென்கிழக்குக் காடுகளில் நடத்தி 1998இல் வெளியிட்ட ஓர் ஆய்வின்படி, சிறிய பாம்புகள் பெரும்பாலும் பறவைகளையும், ஒரு மீற்றருக்கு மேல் வளர்ந்தவை எலி முதலிய சிறு முலையூட்டிகளையும் உண்கின்றன. மரமேறும் பழக்கம் மிகுந்த ஆண்கள் பறவைகளைப் பெண்களைவிட அதிகம் பிடிக்கின்றன. ஆகவே, ஓர் இரைக்குப் பழகிய பாம்பு வேறோர் இரையை உணவென்றே மதியாமல் விடுவதிலே வியப்பில்லை.

பட்டினியோ அதற்குப் பழகிய ஒன்று. பெண்பாம்பு முட்டையிட்டபின் ஏறக்குறைய இரண்டு மாதம் அம்முட்டைகளைச் சுற்றிக்கொண்டு கிடக்கும். அக்காலத்தில் பொதுவாக இரை தேடுவதில்லை. ஆண்பாம்பு இனப்பெருக்கப் பருவத்திலே மாதக்கணக்கில் உணவை மறந்துவிடும். மலைப்பாம்பின் உடலமைப்பும் இதற்கேற்றது. பர்மிய மலைப்பாம்பை ஆராய்ந்த அறிஞர்கள், உணவில்லாத நாட்களில் அதன் குடல் சுருங்கி ஓய்வெடுப்பதையும், இரை உட்சென்ற ஓரிரு நாட்களில் அதே குடலின் நிறை ஏறக்குறைய இரட்டிப்பதையும் கண்டனர். அடுப்பை எந்நேரமும் எரியவிடாமல், விருந்து வரும்போது மட்டும் மூட்டும் சிக்கனக்காரியைப் போன்றது அப்பிராணி. மூன்று வேளை உண்ணும் நாம், எம் பசியைக் கொண்டு அதன் பசியை அளந்துவிடுகிறோம்.

அப்படியானால் உண்ண மறுக்கும் பாம்பைப் பற்றிக் கவலையே வேண்டாமா? வேண்டும். ஆனால் கவலைப்பட வேண்டிய இடம் வேறு. மூச்சிலே சீழ்க்கையொலி, மூக்கில் நுரை, வாயினுள் புண் அல்லது சீழ், செதில்களிடையே உண்ணிகள், முள்ளந்தண்டு புடைத்துத் தெரியுமளவு மெலிவு ஆகியவை நோயின் அறிகுறிகள். காட்டிலே பிடிபட்டுக் கப்பலேறி வந்த பாம்புகள் ஒட்டுண்ணிகளோடும் பெரும் அச்சத்தோடும் வருவதால், அவற்றை உண்ணச் செய்வது மிகக் கடினம். கானா, டோகோ, பெனின் ஆகிய நாடுகளிலிருந்து ஏராளமான குட்டிகள் இன்றும் ஏற்றுமதியாகின்றன. கூட்டிலே பிறந்தவற்றை வாங்குவதே விவேகம். மருமகனின் பாம்பு இங்கிலாந்திலே பிறந்தது. மிருக வைத்தியர் அதன் வாயையும் மூச்சையும் சோதித்து, நோய் எதுவும் இல்லையென்றார். பலவந்தமாக ஊட்டினால் தொண்டை புண்படலாம், அச்சமும் பெருகும் என்று எச்சரித்தார். அத்தோடு, வாரம் ஒரு முறை நிறுத்துக் குறித்துவரும்படியும், பத்தில் ஒரு பங்கு நிறை குறைந்தால் மீண்டும் கொண்டுவரும்படியும் கூறினார்.

இரண்டாம் நாள் மருமகனை அழைத்தேன். “தம்பி, உன் பாம்பு வாழும் பெட்டியைக் காட்டு” என்றேன். தொலைபேசித் திரையிலே காட்டினான். நாற்புறமும் கண்ணாடி, பக்கத்திலே தொலைக்காட்சி, மேலே பளிச்சென்ற விளக்கு, உள்ளே ஒளிந்துகொள்ள ஒரு மரப்பட்டை, அதுவும் பாம்பைப்போல் இருமடங்கு அகலம். வெப்பமானியை வைத்துப் பார்க்கச் சொன்னேன். சூடான பக்கமென்று அவன் நினைத்திருந்த இடத்தில் 26 பாகை செல்சியஸ் மட்டுமே இருந்தது. கோடையிலே போதுமாயிருந்த வெப்பத்தட்டு இங்கிலாந்தின் மார்கழிக் குளிருக்கு ஈடுகொடுக்கவில்லை. குளிர்ந்த பாம்புக்குச் சீரணம் இல்லை. சீரணிக்க முடியாத உணவை அது நாடுவதும் இல்லை.

“நீ புற்றை எடுத்துவிட்டு எலியைக் கொடுக்கிறாய். முதலில் புற்றைக் கொடு” என்றேன்.

அவன் கெட்டிக்காரன். கண்ணாடியின் மூன்று பக்கங்களையும் கறுப்புத் துணியால் மறைத்தான். பாம்பின் உடல் நெருக்கமாகப் பொருந்தும் இரு சிறு பெட்டிகளை, ஒன்றைச் சூடான பக்கத்திலும் மற்றையதைக் குளிர்ந்த பக்கத்திலும் வைத்தான். வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவி பொருத்தி, ஒரு பக்கம் 32 பாகையும் மறுபக்கம் 25 பாகையும் நிற்கச் செய்தான். தண்ணீர் மாற்றவும் நிறுக்கவுமன்றிப் பாம்பைத் தொடுவதில்லையென்று சத்தியம் செய்தான். அச்சத்தியத்தைக் காப்பதே அவனுக்கு மிகக் கடினமாயிருந்தது.

ஊட்டும் முறையும் மாறியது. கடையிலே எலிகள் உறையவைத்தே விற்கப்படுகின்றன. உயிருள்ள எலி பாம்பைக் கடித்துக் காயப்படுத்திவிடுமாதலால் இதுவே நல்லது. ஆனால் குளிர்ந்த எலி பாம்பின் உணர்குழிகளுக்கு ஒரு கல்லைப் போன்றது. எனவே, அதனை நன்றாக உருகவைத்து, ஈற்றில் வெந்நீரிலே வைத்து உடற்சூடு ஏற்றி, வீடு அடங்கிய இரவிலே நீண்ட இடுக்கியால் பெட்டியின் வாயருகே மெல்ல அசைத்துக் காட்ட வேண்டும். எலியின் பருமன் பாம்பின் உடற்பருமனை மிஞ்சலாகாது. எடுக்காவிட்டால் அன்று அவ்வளவுதான். பத்து நாளைக்குப் பின்னரே மறுமுயற்சி. கண்கள் நீலம் பாரித்துச் சட்டையுரிக்கும் நாட்களில் கேட்கவே கூடாது.

தை மாதத் தொடக்கத்தில் முதல் முயற்சி, எடுக்கவில்லை. அடுத்ததும் வீண். பையன் மனமுடைந்தான். “நிறையைச் சொல்” என்றேன். செப்தெம்பரில் 1,310 கிராம். இப்பொழுது 1,255 கிராம். “நூற்றுக்கு ஐந்து பங்குகூடக் குறையவில்லை. உன் பாம்பு சாகவில்லை, தம்பி, காத்திருக்கிறது” என்றேன். அந்தக் குறிப்புப் புத்தகமே அவனுக்கு மருந்தாயிற்று. அன்று முதல் அவன் அழுகையை விட்டு எண்களைப் பார்க்கத் தொடங்கினான்.

அந்நாட்களிலே அவனுக்கு ஓர் ஊரின் கதை சொன்னேன். பெனின் நாட்டிலே வீடா என்னும் பட்டினத்தில், கத்தோலிக்கப் பேராலயத்துக்கு எதிரே, மலைப்பாம்புக் கோயில் ஒன்று இருக்கிறது. அங்கே தெய்வமாகப் போற்றப்படுபவை இவ்வினப் பாம்புகளே. அவற்றை இரவிலே வெளியே விடுவார்களாம். அவை தாமே இரை தேடி உண்ணும். யார் வீட்டிலாவது புகுந்தால் வீட்டார் மரியாதையோடு எடுத்துவந்து கோயிலில் சேர்ப்பர். “வணங்குகிறவர்களே ஊட்டுவதில்லை, வழியை மட்டும் திறந்துவிடுகிறார்கள், பார்த்தாயா?” என்றேன். பையன் சிரித்தான். பல வாரங்களுக்குப் பின் நான் கேட்ட சிரிப்பு அது.

பெப்ருவரி மாதத்தில் ஒரு நாள், இங்கே அதிகாலை மூன்றரை மணிக்குத் தொலைபேசி ஒலித்தது. அந்நேரத்து அழைப்பென்றால் சாவுச் செய்தியே என்று என் மனைவி நெஞ்சில் கைவைத்துக்கொண்டு எழுந்தாள். மறுமுனையிலே இரகசியக் குரல்: “மாமா, அது சாப்பிட்டிட்டுது! சத்தம் போடாதேயுங்கோ, இன்னும் விழுங்குது.” ஐயாயிரம் மைல்களுக்கு அப்பால் ஒரு பாம்பு வெருண்டுவிடக் கூடாதென்று, நாங்கள் இருவரும் இருட்டிலே மூச்சடக்கி நின்றோம்.

இந்த அநுபவத்திலே பையனை விடத் தங்கையே அதிகம் கற்றாள் என நினைக்கிறேன். “நானும் இவனை மேசையிலே இருத்திவைத்து, தின் தின் என்று கரைச்சல்தான் கொடுத்தேன்” என்றாள். குழந்தை பாம்பன்று, வளரும் பிள்ளை தொடர்ந்து உண்ணாவிட்டால் வைத்தியரிடம் காலந்தாழ்த்தாமற் காட்டவேண்டும். ஆயினும், பொலிஸ்காரனையும் பேயையும் காட்டிக் கவளம் திணிக்கும் எம் வீடுகளில், உண்ணாமைக்குக் காரணம் சோற்றிலன்றி வீட்டின் சூழலில் இருக்கக்கூடும் என்பதை நினைப்பவர் சிலரே. அச்சமுள்ள இடத்தில் எவ்வுயிருக்கும் பசி பிறப்பதில்லை.

மருமகனுக்கு இறுதியாக ஒன்று சொல்லிவைத்தேன். அமெரிக்காவின் சென்ற் லூயிஸ் மிருகக்காட்சிச் சாலைக்கு 1961இல் ஒருவர் கொடுத்த இவ்வினப் பெண்பாம்பு, 2020இல் ஏழு முட்டைகள் இட்டது. அதன் வயது அப்பொழுது அறுபதுக்கு மேலென மதித்தனர். ஆகவே, பாம்பு நெடுங்காலத் தோழன். இனி வரும் பனிக்காலங்களிலும் அது உண்ண மறுக்கும்.

“பரவாயில்லை மாமா, நான் நிறுத்துப் பார்ப்பேன்” என்றான் பையன். பின்னால் தங்கை கோப்பையில் சோறு போடும் ஓசை கேட்டது. அவன் தானாகவே எழுந்து போனான்.