காலை எங்க வைக்குறீங்க பாஸ்?

பைக்குல என்னென்னவோ மாத்துவோம். சைலன்சர், ஹேண்டில்பார், இண்டிகேட்டர், ஸ்டிக்கர்... ஆனா, மணிக்கணக்கா காலை வச்சுட்டுப் போறீங்களே, அந்த ஃபுட்ரெஸ்ட்டை என்னிக்காவது குனிஞ்சு பார்த்திருக்கீங்களா? நானும் பார்த்ததில்லை. எங்க ஊர் மழைதான் பார்க்க வச்சது.

ஊர் நெல்லியாளம். நீலகிரின்னதும் உங்க மனசுல ஓடுற ஊட்டி போட் ஹவுஸ் ஏரியா இல்லை. கூடலூர் தாண்டி, பந்தலூர் பக்கம், கேரள எல்லையை ஒட்டி இருக்கு. தென்மேற்குப் பருவமழை நேரா வந்து மோதுற இடம். பக்கத்து ஊரான தேவாலாவோட மழையளவு அப்பப்போ நியூஸ்லயே வரும். ஜூன் வந்துட்டா எஸ்டேட் ரோடு முழுக்கச் செம்மண் சேறும் பாசியும்தான்!

இந்த ஊர்ல இருந்துக்கிட்டு நான் என்ன பண்ணேன் தெரியுமா? பளபளன்னு ஒரு அலுமினிய ஃபுட்ரெஸ்ட் செட் வாங்கி மாட்டினேன். அதுல ரப்பரும் இல்லை, பல்லும் இல்லை. ஒரு சாயங்காலம், கொழுந்து பறிச்சுட்டு வந்த அம்மாவைப் பின்னாடி ஏத்திக்கிட்டு இறக்கத்துல வர்றேன். வளைவுல எதிரே பஸ். பிரேக்கை மிதிக்கப் பாதத்தைத் தூக்கினப்போ, சேறு ஒட்டின ஷூ வழுக்கிடுச்சு. பதற்றத்துல முன் பிரேக்கை மட்டும் அழுத்த, ரெண்டு பேரும் தேயிலைச் செடிக்குள்ள விழுந்தோம். அம்மாவுக்கு முட்டியில நல்ல சிராய்ப்பு. அவங்க திட்டவே இல்லை. ‘‘பழசுக்கு என்னடா குறைச்சல்?’’னு மட்டும் கேட்டாங்க.

பதில் சொல்ல முடியலை. அதான், இப்ப உங்களுக்குச் சொல்றேன்.

ரப்பரா, பல்லா?

ஒத்தை சிலிண்டர் இன்ஜின் அதிர்வை ரப்பர் வாங்கிக்கும். நீண்ட தூரத்துக்கு, காய்ஞ்ச ரோட்டுக்கு அதுதான் பெஸ்ட். ஆனா தேய்ஞ்ச ரப்பர் மேல ஈரச்சேறு பட்டா சோப்புக்கட்டி மாதிரி! பல் வச்ச ஸ்டீல் ஃபுட்ரெஸ்ட் மழையில ஷூவைக் கவ்விப் பிடிக்கும், இடைவெளி வழியா சேறும் கீழே விழுந்திடும். மைனஸ் என்னன்னா, ஷூ அடிப்பாகத்தைத் தின்னுடும். ஸ்டார்ட் பண்றப்போ கால் தவறினா முழங்காலுக்குக் கீழே கோடு போட்டுடும். செருப்பு பார்ட்டிகளுக்கு நோ! நடுவழியும் உண்டு. ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் மாதிரி அட்வென்ச்சர் பைக்குகள்ல ரப்பரைக் கழட்டினா உள்ளே பல் இருக்கும்.

அகலம் கூடினா குஷி... கணக்கு?

மேடு பள்ளத்துல எழுந்து நின்னு ஓட்டுறப்போ, அகலமான ஃபுட்ரெஸ்ட் பாதத்துக்குச் சுகம். ஆனா, வெளிப்பக்கமா நீளத்தை இஷ்டத்துக்கு இழுக்காதீங்க. 70 கிலோ ஆள் எழுந்து நின்னா ஒரு காலுக்கு 35 கிலோ. அது பின்னிலிருந்து 6 செ.மீ. தள்ளி விழுது, ஃபுட்ரெஸ்ட் அடிப்பாகம் பிராக்கெட்ல முட்டுற இடம் பின்னுக்கு 2 செ.மீ. கீழே இருக்குன்னு வைங்க. ஃபர்ஸ்ட் இயர்ல படிச்ச அதே மொமென்ட்தான். அந்தச் சின்ன பின்னை இழுக்குற விசை மூணு மடங்கு, சுமார் 105 கிலோ! குழியில இறங்கி எடை ரெட்டிப்பானா 210. சொத்தை இரும்புல செஞ்ச பின் என்னாகும்? நீங்களே சொல்லுங்க.

மடங்கணும் மச்சி!

ஃபுட்ரெஸ்ட் மேல்நோக்கி மடங்குறது ஸ்டைலுக்கு இல்லை. வளைவுல சாயுறப்போ தரையில உரசினா மடங்கி வழிவிடணும். உரசுற சத்தமே ‘போதும் ராசா, நிமிரு’ங்கிற வார்னிங். பட்டறையில ஒரு கம்பியை வெட்டி நேரா வெல்டு அடிச்சா அது மடங்காது. தரையில குத்தி வண்டியையே தூக்கிடும். வெல்டிங் பண்ணியே ஆகணும்னா, முதல்ல பேட்டரி வயரைக் கழட்டுங்க. அலுமினிய பிராக்கெட்ல சாதா ஆர்க் வெல்டிங் வேலைக்கே ஆகாது.

உயரமான ஆட்கள் முட்டி வலிக்குதுன்னு ஃபுட்ரெஸ்ட்டை ரெண்டு செ.மீ. கீழே இறக்குவாங்க. முட்டிக்கு நிம்மதிதான். ஆனா அதே அளவு வளைவுல சீக்கிரமே உரசும். கியர் லீவரையும் பிரேக் பெடலையும் சேர்த்து இறக்கணும். லீவரைக் கழட்டுறதுக்கு முன்னாடி ஷாஃப்ட்ல ஒரு மார்க் போட்டுட்டு, ஒரு பல் மாத்திப் போட்டுப் பாருங்க. பிரேக்கைத் தொட்டதும் பின் லைட் எரியுதான்னு செக் பண்ணாம கிளம்பாதீங்க. அப்பா காலத்து புல்லட் வச்சிருக்குறவங்க கடையில மறக்காம சொல்லிடுங்க. அதுல கியர் வலது, பிரேக் இடது!

பின்னாடி உட்கார்றவங்க?

லுக்குக்காக பின் ஃபுட்ரெஸ்ட்டையும் சாரி கார்டையும் கழட்டி வீசுற ஹீரோக்களே, 1989-ம் வருஷ மத்திய மோட்டார் வாகன விதிகள்ல 123-வது விதியைப் படிங்க. பின்னாடி ஆள் ஏத்துற பைக்குக்குக் கைப்பிடி, ஃபுட்ரெஸ்ட், பின் சக்கரத்துல பாதிக்குக் குறையாத மறைப்பு, மூணும் கட்டாயம். புடவையோ துப்பட்டாவோ சக்கரத்துல சிக்கினா என்ன ஆகும்னு விளக்கத் தேவையில்லை.

கடைசியா நான் என்ன பண்ணேன்? பளபளா செட்டைக் கழட்டிட்டு, என் மாடலுக்குன்னே வர்ற பல் வச்ச ஸ்டீல் ஃபுட்ரெஸ்ட்டை முன்னாடி போட்டேன். புது பின், புது ஸ்பிரிங், புது காட்டர் பின். அம்மா பக்கம் பழைய ரப்பரையே திரும்ப மாட்டி, அலமாரிக்கு அடியில தூங்கிட்டு இருந்த சாரி கார்டையும் போட்டாச்சு.

மறுநாள் மழையில அம்மா ஏறி உட்கார்ந்து, ரப்பர் பூட்ஸை ரெண்டு தடவை அழுத்திப் பார்த்தாங்க. ‘‘ம்... இப்ப நிக்குது, போ’’ன்னாங்க.

யுனிவர்சிட்டி ரிசல்ட்ல கூட எனக்கு இவ்ளோ நிம்மதி கிடைச்சதில்லை பாஸ்!