பம்பளிமாஸ் காய்க்கத் துணைமரம் வேண்டும்

பம்பளிமாஸ் மரம் கொத்துக் கொத்தாகப் பூத்தும் பிஞ்சு நிற்கவில்லையென்றால் பலரும் முதலில் எருவைக் கூட்டுகிறார்கள். பிறகு மருந்து தெளிக்கிறார்கள். கடைசியில் கோடரியை எடுக்கிறார்கள். எலுமிச்சை இனத்து மரங்களில் பூக்களில் பெரும்பகுதி உதிர்வது இயல்பே. ஆனால், செழிப்பாக நிற்கும் ஒற்றை மரம் ஆண்டுதோறும் பூத்தும் காய்க்கவில்லையானால், குறை மண்ணில் அல்ல, மகரந்தத்தில் இருக்கலாம்.

எலுமிச்சை தன் மகரந்தத்தாலேயே காய்க்கும். பம்பளிமாஸ் அப்படியல்ல. அதன் சூல்தண்டில் ஒரு புரதம் சுரக்கிறது. மகரந்தக் குழலுக்கு அது நஞ்சு. வேற்று மரத்து மகரந்தத்திடம் அந்த நஞ்சுக்கு முறிவு உண்டு. சொந்த மகரந்தத்திடம் அது இல்லை. ஆகவே, குழல் பாதி வழியில் நின்றுவிடும். சூலைச் சென்று சேராது. இந்தத் தடை பரம்பரைக் குணம். சீன விஞ்ஞானிகள் 2020-ல் வெளியிட்ட ஆய்வின்படி, கமலா ஆரஞ்சு இனத்தில் இப்புரதத்துக்கான மரபணுவில் ஒரே ஓர் இடத்தில் ஏற்பட்ட மாற்றம் தடையை நீக்கியது. அதன் கலப்பினங்களுக்கும் அந்த மாற்றம் பரவியது.

இதிலிருந்து விவசாயி அறிய வேண்டியது ஒன்று. ஒரே தாய்மரத்திலிருந்து எடுத்த பதியனும் ஒட்டும் எத்தனை நட்டாலும், மகரந்தக் கணக்கில் அவை ஒரே மரம்தான். பம்பளிமாஸ் விதையில் ஒரே முளைக்கரு இருப்பதால், விதைக் கன்றுகள் ஒன்றுபோல் ஒன்று இருப்பதில்லை. விதை போட்டு வளர்த்த காலத்தில் துணைமரம் தானாகவே அமைந்தது. இப்போது அதை விவசாயிதான் தேடி வைக்க வேண்டும். இதற்காக விதைக் கன்றுக்குத் திரும்ப வேண்டியதில்லை. அது காய்க்க வெகுநாளாகும், பழத்தின் தரமும் நிச்சயமில்லை.

ஒரே சமயத்தில் பூக்கும் வேறொரு ரகத்தை அருகில் நடுவதே வழி. இடமில்லாதவர்கள் இருக்கும் மரத்தின் ஒரு கிளையில் வேறு ரகத்தை மொட்டு ஒட்டுக் கட்டலாம். பூக்கும் பருவத்தில் பூச்சிமருந்தைத் தவிர்த்தால் தேனீக்கள் மற்ற வேலையைப் பார்த்துக்கொள்ளும்.

மரத்தை வெட்டுமுன் ஒரு சோதனை செய்யலாம். விரியும் நிலையிலுள்ள சில மொட்டுகளில் மகரந்தப் பைகளைக் கிள்ளிவிட்டு, வேற்று மரத்து மகரந்தத்தைச் சூல்முடியில் தடவிக் காகிதப் பையால் மூடவேண்டும். வேறு சில மொட்டுகளில் அதே மரத்தின் மகரந்தத்தைத் தடவி மூடவேண்டும். முன்னதில் மட்டும் பிஞ்சு நின்றால் காரணம் புரிந்துவிடும்.

கன்று விற்போருக்கும் இதில் பொறுப்பு உண்டு. தாய்மரம் எது, துணைமரம் தேவையா என்ற இரண்டையும் ஒவ்வொரு கன்றின் அட்டையிலும் எழுதித் தரவேண்டும். நாலைந்து ஆண்டு தண்ணீர் ஊற்றி வளர்த்த பிறகு தெரிந்துகொள்வதற்குரிய செய்தியல்ல இது. கன்று வாங்கும்போதே விவசாயிகள் இதைக் கேட்டுப் பெறவேண்டும்.