சோறும் பாயும் போதுமா?

பெற்ற வீட்டில் கொடுமைப்பட்ட பிள்ளையை மீட்டு, வேறொரு குடும்பத்தில் ஒப்படைத்துவிட்டால் கடமை முடிந்ததா? கோப்பு முடிந்துவிடும். பிள்ளையின் துன்பம் முடியாது என்பதே நம் கருத்து.

அடிக்கிற கைதான் அணைக்கும் என்று நம்மவர் சொல்வதுண்டு. ஆனால் மத்திய அரசு 2007-ல் வெளியிட்ட ஆய்வு என்ன சொல்கிறது? 13 மாநிலங்களில் 12,447 பிள்ளைகளை விசாரித்ததில், மூவரில் இருவர் உடல்ரீதியான கொடுமைக்கு ஆளாகியிருந்தனர். குடும்பத்துக்குள் அடிபட்டவர்களில் மிகப் பெரும்பாலோரை அடித்தவர்கள் பெற்றோரே. அணைக்காத கைகளும் உண்டு, தோழர்களே!

இத்தகைய பிள்ளைகளுக்காகவே 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், 44-ஆம் பிரிவில், வளர்ப்புக் குடும்பத்துக்கு வழி செய்தது. இது தத்து அல்ல. நிலைமை சீரானால் பிள்ளை சொந்த வீட்டுக்குத் திரும்பலாம். குழந்தைகள் நலக் குழு மாதந்தோறும் வந்து பார்க்க வேண்டும். 'வாத்சல்யா' திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய் உதவியும் உண்டு. நல்ல ஏற்பாடுதான், மறுக்கவில்லை.

ஆனால் அந்த வீட்டுக்குள் நுழைவது கைக்குழந்தையா? பதின்மூன்று, பதினான்கு வயதுப் பிள்ளை. தலையணைக்கடியில் ரொட்டியை ஒளித்து வைக்கிறான். யாராவது கையை ஓங்கினால் ஒடுங்குகிறான், அல்லது பாய்கிறான். பொய் சொல்கிறான். இரவில் உறங்குவதில்லை. திமிர் என்கிறோம், நன்றி கெட்டவன் என்கிறோம். சற்றே எண்ணிப் பாருங்கள். அடுத்த வேளைச் சோறு நிச்சயமில்லாத இடத்தில் ஒளித்து வைப்பது அறிவு. உண்மைக்கு உதை கிடைத்த இடத்தில் பொய் ஒரு கேடயம். உயிர் பிழைக்கக் கற்றதை ஒரே நாளில் உதறிவிட முடியுமா?

இதை அறியாத குடும்பம், 'ஒத்துவரவில்லை' என்று திருப்பி அனுப்புகிறது. எவரும் நிலையில்லை என்ற அவன் எண்ணம் அப்போது உறுதிப்படுகிறது. தொல்லையே தராத பிள்ளையின் நிலை இதைவிட மோசம். வாய் திறவாமல் வீட்டு வேலை முழுவதையும் செய்யும் பெண்ணை 'தங்கமான பிள்ளை' என்கிறோம். அவள் கையில் பிளேடு கீறல் இருக்கிறதா என்று பார்த்தவர் யார்?

அத்தகைய பிள்ளைக்கு முதல் மருந்து, கைவிடாத ஒரு பெரியவர். உடன்பிறந்தாரைப் பிரிக்காமல் இருக்க வேண்டும்; சட்டமும் இதையே சொல்கிறது. கூடியவரை பள்ளியை மாற்றக் கூடாது. எங்கே, ஏன் அனுப்புகிறோம் என்பதை முன்கூட்டியே சொல்ல வேண்டும். தேவைப்பட்டால் மனநல மருத்துவரிடம் வெட்கமின்றி அழைத்துச் செல்ல வேண்டும்.

புலம்பெயர்ந்து வாழும் நமக்கு இன்னொன்றும் தெரியும். நெல்லையிலிருந்தோ சேலத்திலிருந்தோ ரயிலேறி பம்பாயில் இறங்கும் பிள்ளைக்கு இந்தியும் தெரியாது, மராத்தியும் தெரியாது. அவன் வாயடைத்து நின்றால் அது மந்தபுத்தி ஆகாது. துக்கத்தைத் தாய்மொழியில்தான் அழ முடியும்.

ஆகவே அரசை நாம் கேட்பது மூன்று. ஒன்று, வளர்ப்புக் குடும்பங்களுக்கு முன்கூட்டியே பயிற்சியும், தொடர்ந்து ஆலோசனையும் தர வேண்டும். இரண்டு, பிள்ளையின் மொழி பேசும் ஆலோசகர் வேண்டும். மூன்று, 18 வயதில் தெருவில் விடக் கூடாது. 46-ஆம் பிரிவின் வாசகம், இல்லங்களிலிருந்து வெளியேறுபவர்களைப் பற்றியே பேசுகிறது. வளர்ப்புக் குடும்பத்திலிருந்து வருவோருக்கும் அந்த உதவியை உறுதியாக்க வேண்டும்.

அரசை மட்டும் கேட்டுவிட்டு நாம் ஒதுங்கிவிட முடியாது. பிளாட்பாரத்தில் தனித்து நிற்கும் பிள்ளையைக் கண்டால் 1098-க்குச் சொல்லுங்கள். குழந்தைகள் நலக் குழுவிடம் சென்று, தமிழ் பேச ஆள் வேண்டுமானால் நாங்கள் வருகிறோம் என்று பெயர் கொடுங்கள். மனமும் இடமும் உள்ள குடும்பங்கள் வளர்ப்புக் குடும்பமாக முன்வரட்டும். ஆனால் ஒன்றை உறுதி செய்துகொண்டு வாருங்கள்: அந்தப் பிள்ளை கோபப்படும் நாளிலும் கதவு திறந்தே இருக்கும் என்று.